நவமணி வீட்டுக்கு வந்த கோயில்

தஞ்சோங் செரானியில் கடலோரம் நின்ற பழைய மாதா கோயில், 1908-ஆம் ஆண்டு பெரிய வெள்ளிக்கும் உயிர்த்த ஞாயிற்றுக்கும் நடுவே, கடலை விட்டு ஒரு முழம் உள்ளே தள்ளி நின்றது. இதை முதலில் கண்டவள் அமலம்மாள். கோயிலின் கடல்பக்கச் சுவருக்கும் அலைக்கும் இடையே ஒரு ஆள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நடக்கத்தான் இடம் இருக்கும். அன்று காலை அவள் விளக்குக்கு எண்ணெய் விடப் போனபோது, அதே இடத்தில் இரண்டு பேர் கைகோத்து நடக்கலாம் போலிருந்தது. மண் கலையவில்லை. சுவரில் புதிதாக ஒரு கீறல்கூட இல்லை. அவள் எண்ணெயை விட்டாள், வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள், கணவன் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு விஷயத்தைச் சொன்னாள். வேதநாயகம் கடலைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தான். பிறகு வெற்றிலை இருக்கிறதா என்று கேட்டான்.

பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் டிராம் ஜெலுத்தோங்கோடு நின்றுவிடும். அங்கிருந்து தெற்கே தென்னைகளுக்கு நடுவே போகும் மண்பாதையின் முடிவில் இருந்தது தஞ்சோங் செரானி. கிறிஸ்தவர்களைச் செரானி என்பது மலாய்க்காரர்களின் வழக்கம். அந்த முனைக்கு அவர்கள் அப்படிப் பெயர் வைத்தபோது அங்கே ஒரு கிறிஸ்தவரும் இல்லை, கோயில் மட்டும்தான் இருந்தது. தமிழ் வேதக்காரக் குடும்பங்கள் நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்து இறங்கி, துறைமுகத்தில் தொங்கான் என்னும் சரக்குப் படகு தள்ளும் வேலையில் சேர்ந்து, அங்கே குடிசை போட்டபோதே அதற்குக் கூரை இல்லை. மூன்றரைச் சுவர், ஒரு வளைவு வாசல், ஒரு மாடம், மாடத்துக்குள் மரத்தால் ஆன மாதா சொரூபம். நானூறு வருஷம் உப்புக் காற்று பட்டதில் மாதாவுக்கு முகம் கரைந்துபோயிருந்தது. மூக்கு இருந்த இடத்தில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான்.

கோயில் எப்படி வந்தது என்பதில் ஊருக்குள் ஒற்றுமை இல்லை. உடைந்த கப்பலிலிருந்து தப்பிய பறங்கி மாலுமிகள், கப்பலின் அடிப்பாரக் கல்லையும் பவளச் சுண்ணாம்பையும் வைத்து நேர்ச்சையாகக் கட்டினார்கள், சொரூபம் அந்தக் கப்பலின் முகப்பில் இருந்த மரம் என்று வேதக்காரர்கள் சொன்னார்கள். பர்மாவிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் ஒரு காலத்தில் பாய்மரக் கப்பல்கள் அங்கே நின்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் போகும் என்றும் சொன்னார்கள். டிராம் முனையில் மாட்டுவண்டி ஓட்டிய முகம்மது கனி, கடல்மேல் நடந்து வந்த ஒரு அவுலியா மகான் களைப்பாறிய இடம் அது என்றார். சீன மீனவர்கள் சுவருக்கு அடியில் ஒரு கல்லாமை தூங்குவதாக நம்பினார்கள். மாடத்தின் விளிம்பில் பூத்த உப்பைச் சுரண்டிக் குழந்தைகளின் நெற்றியில் தடவினால் காய்ச்சல் இறங்கும் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து. இறங்கவும் செய்தது.

கோயில் நகர்வதற்கு முந்தின ஆண்டு, எதிர்க்கரையில் பத்து காவான் என்ற ஊரின் தோட்டத்துக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு தொங்கான் புறப்பட்டது. அதில் இரண்டே பேர். ஒருவன் வேதநாயகம். இன்னொருவன் அமலம்மாளின் தம்பி சூசை. பாதிக் கடலில் சுமத்திராக் காற்று பிடித்தது. கரையில் வானம் கறுத்ததைப் பார்த்ததும் அமலம்மாளும் சூசையின் மனைவி நவமணியும் கோயிலுக்கு ஓடி, மழையில் நனைந்தபடி பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் நின்று, ஒரே செபமாலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு வேண்டினார்கள். மழை விட்டபோது கோயிலுக்குக் கீழே ஒரு பலகையைக் கட்டிப்பிடித்தபடி வேதநாயகம் ஒதுங்கினான். சூசை ஒதுங்கவில்லை, மறுநாளும் இல்லை, அந்த மாதமும் இல்லை. “காத்து வந்துச்சு. தொங்கான் கவுந்துச்சு. அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று வேதநாயகம் சொன்னான். யார் கேட்டாலும், எத்தனை தரம் கேட்டாலும், அந்த மூன்று வாக்கியத்துக்கு மேல் அவனிடமிருந்து வரவில்லை.

நவமணிக்கு அப்போது இருபத்தாறு வயது, பிள்ளை இல்லை. அவள் பாதையோரத்தில், கோயிலிலிருந்து நன்றாகத் தள்ளி, அத்தாப்பு ஓலை வேய்ந்த குடிசையில் அப்பம் சுட்டு விற்றாள். மண்சட்டிக்குக் கீழே தணல், மூடிக்கு மேலே தணல். நடுவில் வெந்த அப்பத்துக்குத் துறைமுகத்து ஆட்கள் விடியுமுன்பே வந்து நிற்பார்கள். கணவன் போன பிறகும் ஒருநாள்கூட அடுப்பை நிறுத்தவில்லை. கோயிலுக்குப் போவதைத்தான் நிறுத்தினாள். கழுத்தில் தாலி கிடந்தது. அதைப் பற்றிப் பேச அமலம்மாள் ஒரு சாயங்காலம் வந்தாள்.

“தம்பிக்கு ஒரு பூசை வச்சிருவோம் நவமணி. ஆத்துமா அலையக் கூடாது.”

“ஒடம்பு வந்துச்சா மதினி?”

“வரல.”

“அப்ப பூசை வேணாம்.”

“இப்படியே எத்தன நாளைக்கி இருப்ப?”

நவமணி மாவைக் கலக்கிக்கொண்டே பதில் சொன்னாள். “நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தான முட்டி போட்டோம். ஒரே செபமால. மாதா ஒனக்குக் குடுத்தா, எனக்குக் குடுக்கல. குடுக்காட்டிப் போகுது. என்ன நடந்துச்சுன்னாவது சொல்லணும்ல? அவ சொல்லட்டும், அப்புறம் பூசைய வச்சுக்கலாம்.”

அமலம்மாள் அழுதுவிட்டுப் போனாள். கோயில் நகர்ந்தது அதற்கு அடுத்த பெரிய வாரத்தில். இந்த இரண்டையும் அப்போது யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை, ஏனென்றால் ஊருக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது. கோயில் நகர்ந்ததா, கடல் பின்வாங்கியதா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. புதுச்சேரியில் தமிழ் படித்த பிரெஞ்சுச் சாமியார் டவுனிலிருந்து வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, கல்லுக்கு நடக்கிற வழக்கம் இல்லை, கடல்தான் ஒதுங்கியிருக்கிறது என்றார். அடுத்த ஆண்டு மாதா திருநாளுக்குள் கோயில் மேலும் நான்கைந்து முழம் வந்திருந்தது. சாமியார் பிரசங்கத்தில் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பூசை முடிந்ததும் தன் குடையைக் கோயில் சுவரில் சாய்த்து வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

நில அளவை அலுவலகத்தில் சங்கிலி பிடிக்கும் வேலை பார்த்த பெஞ்சமின் என்பவனைக் காவலுக்கு அனுப்பினார்கள். அவன் கோயிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்தான். கோயில் அசையவில்லை. ஒரு தும்மல் வந்தது. தும்மிவிட்டு நிமிர்ந்தபோது வளைவு வாசல் அவன் காலுக்குப் பக்கத்தில் நின்றது. அவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், பழைய வரைபடம் தப்பாகப் போடப்பட்டிருக்கிறது என்று துரையிடம் சொன்னான். துரைக்கும் அந்த விளக்கம் பிடித்திருந்தது. அதன் பிறகு வரைபடத்தைத் திருத்துவது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவது மாதிரி ஒரு வழக்கமாகிவிட்டது.

வழியில் நின்ற தென்னைகள் கோயிலுக்கு ஒதுங்கி இடம் விட்டன. ஒதுங்கியவை பிறகு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கோயில் சில ஆண்டு ஒரு முழம், சில ஆண்டு ஒரு கொல்லை அகலம் நகர்ந்தது. விஷயம் டவுனுக்குப் பரவி, பாகான் டாலாமிலிருந்தும் கெப்பாலா பத்தாஸிலிருந்தும்கூட ஜனங்கள் படகேறி வந்தார்கள். கனி இரண்டாவது வண்டி வாங்கினார். வந்தவர்கள் மாடத்து உப்பைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, திரும்பும் வழியில் நவமணியிடம் அப்பம் வாங்கித் தின்றார்கள். அவள் எல்லாருக்கும் நல்ல அப்பமாகத்தான் கொடுத்தாள். கோயில் பக்கம் மட்டும் முகத்தைத் திருப்பவில்லை. அடுப்பைக்கூட அதற்கு முதுகு காட்டும்படி மாற்றிப் போட்டிருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் கனி வண்டியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கேட்டதைக் கொடுத்த பிறகும் தின்னாமல் இலையைக் கையில் வைத்திருந்தார்.

“தங்கச்சி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அது ஒன் வீட்டப் பாத்துதான் வருது. நேத்து நாங்க கயிறு புடிச்சுப் பாத்துட்டோம்.”

“வரட்டும் அண்ணே. பாத எல்லாருக்கும் பொதுவு.”

“வீட்டக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம் லா. கம்பு, அத்தாப்பு எல்லாம் நா வண்டில ஏத்தித் தாறேன். கூலி வேணாம்.”

“நா எதுக்கு நகரணும்? எனக்கா கால் மொளச்சிருக்கு?”

கனி இலையைப் பிரித்தார். அப்பத்தைத் தின்றுவிட்டு எழுந்து போனார். இரவு அவள் முதன்முறையாகத் திரும்பி, வாசலில் நின்று, தென்னைகளுக்கு ஊடே வெளுத்துத் தெரிந்த சுவரைப் பார்த்தாள். பயம் வரவில்லை. ஊருக்குத் திரும்பும் கடன்காரனைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. வருகிறவன் கொடுக்க வருகிறானா, இன்னும் கேட்க வருகிறானா என்று தெரியவில்லை.

ஆண்டுகள் போயின. ஜெர்மன் சண்டை வந்து, துறைமுகத்துக்குள்ளேயே ஒரு கப்பல் குண்டுபட்டு முழுகியது. அந்தச் சத்தம் தஞ்சோங் செரானி வரை கேட்டது, அந்த வருஷம் கோயில் சற்று வேகமாக வந்தது. விஷக்காய்ச்சல் வந்த ஆண்டில் அது நகரவே இல்லை. மாதாவுக்கும் காய்ச்சல் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். சொரூபத்தின் நெற்றியைத் தொட்டால் சூடாக இருந்ததாம். வேதநாயகம் அந்தக் காய்ச்சலில்தான் செத்தான். கடைசி நாளில் நவமணியைக் கூப்பிடச் சொன்னான். அவள் போய்ப் பாயோரம் உட்கார்ந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தான். “காத்து வந்துச்சு” என்றான். அதற்கு மேல் வராமல், உதடு மட்டும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டே இருந்தது. நவமணி அவன் வாயில் கஞ்சித் தண்ணீர் விட்டாள்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஜனங்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பிய காலத்தில், கோயில் நவமணியின் வேலிக்கு வந்துவிட்டது. அவளுக்கு ஐம்பது வயது. அமலம்மாளுக்கு அறுபது தாண்டி, பார்வை மங்கிப் போயிருந்தது. நான்கு பிள்ளைகளும் தலையெடுத்து, மூத்தவள் ரோசம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். வேலியைத் தாண்டினால் சுவர் குடிசைமேல் விழும் என்று எல்லாரும் சொன்னார்கள். டவுன் பங்குக் கோயிலிலிருந்து வேறொரு மனை தருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். நவமணி சொல்ல வந்தவருக்கு அப்பம் கொடுத்து அனுப்பினாள்.

1932-ஆம் ஆண்டு நவம்பரில், ஒரு முற்பகல், அவள் ஜெலுத்தோங் பாசாருக்குத் தேங்காய் வாங்கப் போனாள். தேங்காய் அன்று மலிவு. சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, குடிசை இருந்த இடத்தில் கோயில் இருந்தது. வளைவு வாசலுக்குள் எட்டிப் பார்த்தாள். குடிசை உள்ளே இருந்தது. ஒரு கம்பு சாயவில்லை, ஓர் ஓலை கலையவில்லை. கொடியில் காயப்போட்ட சேலைகூட அப்படியே கிடந்தது. சுவர்கள் அதைச் சுற்றி, தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் பக்கத்தில் படுக்கிறவர்களைப் போல் வந்து நின்றிருந்தன. அடுப்புக்கு நேர் மேலே மாடம். மாடத்தில் முகமில்லாத மாதா.

நவமணி சாக்கை இறக்கி வைத்தாள். கோயிலோடு கூடவே வந்திருந்த கடல்மண் தரையெங்கும் கிடந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. விளக்குமாற்றை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தாள். பாதி பெருக்கியபோது தெற்கிலிருந்து காற்று எழுந்து வளைவுக்குள் நுழைந்தது. சுவர்க் கற்கள் ஒவ்வொன்றாக, சங்கைக் காதில் வைத்தால் கேட்பது போல, இரையத் தொடங்கின. மழையின் சத்தம். கயிறு முறுக்கிக்கொள்கிற சத்தம். மூட்டைகள் சரிகிற சத்தம். பிறகு ஒரு மனிதனின் குரல்.

“சூசே, பலக ஒண்ணுதான்டா இருக்கு.”

வேதநாயகத்தின் குரல். செத்துப் பதினாலு வருஷமான ஆளின் இளவயதுக் குரல். அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

“நீங்க புடிச்சுக்குங்க அத்தான். அக்காவுக்கு நாலு புள்ளைங்க இருக்கு.”

“டேய், நீ?”

“எனக்கு நீச்சல் வரும் லா. போங்க. நவமணிகிட்ட சொல்லுங்க, மாவ முழுசாச் சுட்டு வித்துறாம எனக்கு ரெண்டு அப்பம் எடுத்து வைக்கச் சொல்லி.”

அதற்குப் பிறகு வெறும் அலை. பிறகு அதுவும் இல்லை. நவமணி சுவரில் காதை வைத்தாள், கல் குளிர்ந்திருந்தது. அவள் நேராக அமலம்மாளின் வீட்டுக்குப் போனாள். போகிற வழியில் எதிர்ப்பட்ட கனி என்னவோ கேட்டார். அவள் காதில் விழவில்லை.

“மதினி, எந்திரி. ஒன் தம்பி பேசுறான்.”

அமலம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இருவரும் அடுப்புக்கு எதிரே, பெருக்கிய பாதியில் உட்கார்ந்தார்கள். காற்று மீண்டும் எழ நேரமாயிற்று. எழுந்தபோது தொங்கான் கவிழ்ந்த அந்த வேளை முழுவதும் மறுபடி வந்தது. மழை, கயிறு, மூட்டை, இரண்டு குரல்கள். அமலம்மாள் வாயைச் சேலையால் மூடிக்கொண்டாள். ஒன்று அவள் தம்பி, ஒன்று அவள் புருஷன். இரண்டு பேரையும் ஒரே சமயத்தில் கேட்டு அவளுக்கு நாள் எத்தனையோ ஆகியிருந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அந்த மனுசன்” என்றாள் கடைசியில். “ஒரு வார்த்த.”

“எப்படிச் சொல்லுவாரு? சொல்லிட்டு என் மொகத்துல முழிக்கணும்ல?”

“நா எப்படி முழிக்கிறது இனிமே?”

நவமணி அடுப்பைப் பார்த்தாள். ரோசம்மா சின்னப் பிள்ளையாகப் பாவாடையில் வந்து அப்பத்தின் மொறுமொறுப்பான ஓரத்தை மட்டும் கேட்டு வாங்கித் தின்னுவது அவளுக்கு நினைவு வந்தது. மற்ற மூன்றும் வரும். நாலுக்கும் அவள் கையாலேயே கொடுத்திருக்கிறாள். சூசை எடுத்து வைக்கச் சொன்னது இருபத்தைந்து வருஷமாக அந்த நாலு வயிற்றுக்கும் போயிருக்கிறது.

“என்னயக் கேக்காமலே குடுத்துட்டான் மதினி” என்றாள். “கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல. வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அதான் கேக்கல போல.”

அப்புறம்தான் அவள் அழுதாள். அமலம்மாள் தடவித் தடவி அவள் கையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டாள். அழுது முடிந்ததும் நவமணி நிமிர்ந்து மாடத்தைப் பார்த்தாள். அந்த வழுவழுத்த முகத்தில் கேட்பதற்கு ஒரு காதும் இல்லை, சொல்வதற்கு ஒரு வாயும் இல்லை. “இத சொல்றதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தா” என்று அவள் மதினியிடம் சொன்னாள். “பாவம். இத்தன கல்லையும் சொமந்துக்கிட்டு.”

சூசைக்கு இறந்தோர் பூசை அந்த வாரமே நடந்தது. பழைய சாமியார் காலமாகியிருந்தார். புதிதாக வந்த இளவயதுச் சாமியார் மோட்டார் காரில் வந்து இறங்கி, கோயிலுக்குள் ஒரு குடிசையையும், குடிசைக்கு முன்னால் அடுப்பையும் பார்த்துவிட்டு, பீடத்தை எங்கே போடுவது என்று மட்டும் கேட்டார். தண்ணீர்க் குடத்தை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தார்கள். கனி வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரை நின்றார். பெஞ்சமின், இப்போது நரைத்துப்போய்ப் பென்ஷன் வாங்குகிறவன், ஒருமுறைகூடத் தும்மாமல் பார்த்துக்கொண்டான். பூசை முடிந்ததும் நவமணி தாலியைக் கழற்றி மாதாவின் காலடியில் வைத்தாள். ஊரார் அவளைத் துக்கத்துக்கு உட்கார வைக்க அழைத்தபோது, மாவு பொங்கி வழிகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அதன் பிறகு கோயில் நகரவில்லை. நில அளவைக்காரர்கள் ஒரு தடவை கடைசியாக வந்து, அது நின்ற இடத்தில் குறி போட்டுவிட்டுப் போனார்கள். கடலோரத்தில் அது முன்பு நின்ற இடத்தைச் சில மாதத்தில் அலை எடுத்துக்கொண்டது. யாத்திரை வருகிறவர்கள் இப்போது பாதையோரத்திலேயே இறங்கிக்கொள்ளலாம் என்பதால் கூட்டம் கூடியது, பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மணலில் நடக்க வேண்டியதில்லை. கூரை போட வேண்டுமென்று பங்கில் ஒருமுறை பேச்சு வந்தது. குடிசைக்குக் கூரை இருக்கிறது, மற்றவர் நனையலாம் என்று நவமணி சொல்லிவிட்டாள்.

தென்காற்று வீசும் நாட்களில், மத்தியானத்துக்கு மேல், சுவர்கள் இரையத் தொடங்கும். அப்பம் வாங்க வந்தவர்கள், அடுத்த அறையில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தால் செய்வது போல், தங்கள் பேச்சைத் தாழ்த்திக்கொள்வார்கள். டவுன்காரர்கள், சீனர்கள், மெழுகுவர்த்தியோடு வந்தவர்கள், வெறும் பசியோடு வந்தவர்கள், எல்லாரும்தான். நவமணி சட்டியின் மூடியைப் பிடித்தபடி, தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு குரல்களும் பேசி முடிக்கும். காற்று இறங்கும். அவள் மூடியைத் திறந்து, முதல் இரண்டு அப்பத்தை எடுத்து ஓர் இலையில் ஓரமாக வைத்துவிட்டு, “ம், யாருக்கு எத்தன?” என்று கேட்பாள்.